காசநோய் முதலில் வந்து நிற்பது குடும்ப மருத்துவரிடம்தான்

எச்ஐவி பரவலாக உள்ள நாடுகளில் காசநோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் குடும்ப மருத்துவர்களிடம் விட முடியாது என்ற கருத்து ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றாகிவிட்டது. சுகாதாரத் துறை அதிகாரிகள் அதைச் சொல்கிறார்கள். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். குடும்ப மருத்துவர்களிலேயே பலர் சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் காரணங்கள் இவை: எச்ஐவி உள்ளவருக்கு வரும் டிபி பாடப்புத்தகத்தில் உள்ளபடி வராது, அதைப் பிடிக்க நிபுணர் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன, இனி அவை பார்த்துக்கொள்ளும். தனியார் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்துக் காலம் கடத்துவார், அவரை நம்ப முடியாது. எனவே சந்தேகம் வந்தால் அரசு கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருத்து தவறு என்பதோடு, உயிர்களைக் காவு வாங்குவதும் ஆகும். எச்ஐவி உள்ளவரின் காசநோய் பிடிபடுமா, தப்பிப் போகுமா என்பது நிபுணரின் அறையிலோ ஆய்வகத்திலோ முடிவாவதில்லை. உடம்பு சரியில்லை என்று அவர் முதன்முதலில் போய் உட்காரும் மேசையில் முடிவாகிறது. அந்த மேசையில் இருப்பவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கிவிட்டு எத்தனை இயந்திரம் வாங்கினாலும் சாவு குறையாது.

தென்னாப்பிரிக்காவை வைத்தே இதைப் பேசுவது நியாயம். அங்கே 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் சுமார் ஆறு பேருக்கு ஒருவர் எச்ஐவியோடு வாழ்கிறார். நாடு முழுவதும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர். காசநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்ஐவி உண்டு. எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி கூட்டு மருந்துத் திட்டத்தை உலகிலேயே மிகப் பெரிய அளவில் நடத்தும் நாடும் அதுதான். முயற்சியில் குறை வைக்காத ஒரு நாட்டில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நிபுணர் வரும்வரை நோய் காத்திருக்காது

முதல் வாதம், இது நிபுணர்களின் நோய் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. எச்ஐவி முற்றிய உடம்பில் டிபி வேறு முகத்தோடுதான் வருகிறது. நுரையீரலில் குழி விழுவதற்குக் கிருமி மட்டும் காரணமில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி கிருமியோடு மோதுவதால்தான் குழி விழுகிறது, அந்தக் குழியிலிருந்துதான் சளியில் ஏராளமான கிருமிகள் வருகின்றன. எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான சிடி4 அணுக்கள் குறைந்தவரிடம் அந்த மோதல் நடப்பதில்லை. எனவே எக்ஸ்ரேயில் குழி தெரியாது, சில சமயம் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கிருமி தென்படாது. நோயோ நெறிக்கட்டு, நுரையீரல் உறை, வயிறு, மூளைச் சவ்வு என்று உடம்பெங்கும் பரவியிருக்கும்.

இதிலிருந்து 'ஆகவே குடும்ப மருத்துவரால் முடியாது' என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். நான் இதிலிருந்து நேர்மாறான முடிவுக்கு வருகிறேன். நோய் தன் அடையாளங்களைக் காட்டாதபோது மிஞ்சியிருக்கும் ஒரே தடயம் மாற்றம். ஆறு மாதத்துக்கு முன் 61 கிலோ இருந்தவர் இன்று 54 கிலோ. எப்போதும் மாடியேறி வருகிறவர் இன்று பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார். இந்த மாற்றத்தைப் பார்க்கக்கூடியவர் முன்பும் அவரைப் பார்த்தவர்தான். எடை குறைந்திருக்கிறதா என்பது டிபி பற்றிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்விகளில் ஒன்று. பழைய எடை தெரியாதவருக்கு அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. சென்ற ஆண்டு அந்த வீட்டில் பாட்டி இருமி இருமி இறந்தார் என்பதும், மகன் சிறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறான் என்பதும், வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதும் குடும்ப மருத்துவருக்குத் தெரியும். நிபுணரிடம் போய்ச் சேரும் கடிதத்தில் இதெல்லாம் இருப்பதில்லை.

நிபுணரிடம் போய்ச் சேரும்போது நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எச்ஐவி தொடர்பான நோய்களால் மருத்துவமனைகளில் இறந்த பெரியவர்களின் பிரேதப் பரிசோதனை ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் ஒரு பகுப்பாய்வு வெளிவந்தது. ஏறத்தாழ 40 சதவீதம் உடல்களில் காசநோய் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உயிரோடிருந்த காலத்தில் அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. இவர்கள் மருத்துவமனையை எட்டாமல் இறந்தவர்கள் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில், மருத்துவர்களின் கண்முன்னால் இறந்தவர்கள். நோய் இவர்களைக் கட்டிலுக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் இவர்கள் யாரோ ஒரு நர்ஸிடமோ, யாரோ ஒரு டாக்டரிடமோ காய்ச்சல் என்றும் களைப்பு என்றும் போயிருப்பார்கள். தப்பவிட்டது அங்கேதான்.

சோதிக்கச் சொல்வது யார்?

இரண்டாவது வாதம் இயந்திரத்தை நம்புவது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையைப் பரிந்துரைத்தது. சளியில் டிபி கிருமியின் மரபணு இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லும் கருவி. அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. 2011-இலேயே தென்னாப்பிரிக்கா அதை நாடு முழுவதும் கொண்டுபோகத் தொடங்கியது. வேறெந்த நாடும் அந்த வேகத்தில் செய்யவில்லை.

அதன் பலன் என்ன என்று அந்த நாடே முறையாக ஆராய்ந்தது. மைக்ராஸ்கோப் வைத்த ஆய்வகங்களோடு இணைந்த கிளினிக்குகளையும் ஜீன்எக்ஸ்பர்ட் வைத்தவற்றோடு இணைந்த கிளினிக்குகளையும் ஒப்பிட்ட எக்ஸ்டெண்ட் ஆய்வு 2015-இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் முதல் வகையில் 5 சதவீதம், இரண்டாவது வகையில் 3.9 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசத்தை நிச்சயமானதாகக் கொள்ள முடியவில்லை. கூர்மையான கருவி வந்தும் உயிரிழப்பு உறுதியாகக் குறைந்ததென்று சொல்ல முடியாமல் போனது.

காரணம் இயந்திரத்தில் இல்லை. யாருடைய சளி தன்னிடம் வர வேண்டும் என்று இயந்திரம் தீர்மானிப்பதில்லை. எதிரே இருப்பவருக்கு டிபி இருக்கலாம் என்று ஒரு மனிதருக்குத் தோன்ற வேண்டும், சளியைக் கேட்க வேண்டும், வந்தது சளிதானா எச்சிலா என்று பார்க்க வேண்டும், முடிவு வந்ததும் நோயாளியைத் தேடிப் பிடித்து மருந்தைத் தொடங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஆய்வகம் ஒரே ஒரு கண்ணி.

சளி கேட்பது என்ற சின்னக் காரியத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் ஒரு டப்பாவை நீட்டி, 'இதில் துப்பிக் கொண்டு வாங்க' என்பதோடு முடிந்துவிடுகிறது. நோயாளி சுவர் ஓரமாகத் திரும்பி நின்று, கூச்சத்தோடு வாயில் ஊறிய எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். முறையாகச் செய்வதென்றால் வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். வெளியே, காற்றோட்டமான, பிறர் பார்வை படாத இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்கச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் இதை ஒரு சோதனையாகவே செய்தார்கள். சளி எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட பெண்களில் 13 சதவீதம் பேரிடம் கிருமி தென்பட்டது. சொல்லிக்கொடுக்கப்படாத பெண்களில் 8 சதவீதம்தான். அதே ஆய்வகம், அதே மைக்ராஸ்கோப். கூடுதலாகச் செலவானது இரண்டு நிமிடப் பேச்சு. அந்தப் பேச்சைப் பேசுவதற்கு எந்த நிறுவனமும் இயந்திரம் விற்பதில்லை.

இருமல் இல்லாத டிபி

மூன்றாவது வாதம் இது: டிபி இருந்தால் இருமலோடு வருவார்கள், இருமலோடு வந்தால் அரசு கிளினிக்கில் பார்த்துக்கொள்வார்கள், குடும்ப மருத்துவர் தனியாக எதற்குத் தயாராக வேண்டும்?

2011-இல் உலக சுகாதார நிறுவனம், எச்ஐவி உள்ள ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் கேட்கச் சொன்னது. இருமல் உண்டா? காய்ச்சல்? எடை குறைகிறதா? இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா? இருமல் இரண்டு வாரம், மூன்று வாரம் நீடிக்க வேண்டும் என்ற பழைய கணக்கு எச்ஐவி உள்ளவருக்குப் பொருந்தாது. ஒருநாள் இருமலும் கணக்கில் வரும். இந்த நான்கையும் தவறாமல் கேட்டாலே ஏராளமான உயிர்கள் தப்பும். ஆனால் ஏஆர்டி பரவப் பரவ இந்தக் கேள்விகளின் பலமும் குறைந்துவிட்டது. கூட்டு மருந்து தொடங்காதவர்களில் காசநோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரை இக்கேள்விகள் பிடிக்கும். மருந்து சாப்பிடுகிறவர்களில் பிடிபடுவது பாதிப் பேர்தான். 2018-இல் வெளியான தொகுப்பாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது.

2017 முதல் 2019 வரை தென்னாப்பிரிக்கா நடத்திய முதல் தேசிய காசநோய்க் கணக்கெடுப்பு இன்னும் கசப்பான செய்தியைச் சொன்னது. வீடுவீடாக அழைத்துப் பரிசோதித்ததில் நுரையீரல் டிபி உறுதியானவர்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லை என்றவர்கள். எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது.

இருமாதவர் டிபி கிளினிக்குக்கு ஏன் போவார்? போக மாட்டார். ஆனால் அவர் பிரஷர் மாத்திரைக்கு வருவார், கருத்தடை ஊசிக்கு வருவார், குழந்தைக்குப் பேதி என்று வருவார், வேலைக்குக் கொடுக்க லீவுச் சான்றிதழ் வாங்க வருவார். தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் ஆறில் ஒருவர்தான். ஆனால் காப்பீடு இல்லாதவர்களும் கையிலிருந்து காசு கொடுத்துத் தனியார் டாக்டரைப் பார்க்கிறார்கள். அரசு கிளினிக் வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. மருந்தையும் சேர்த்துக் கையிலேயே கொடுத்தனுப்பும் டாக்டர்கள் அங்கே உண்டு என்பதால் அது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

இப்படி டிபி தவிர எல்லாவற்றுக்கும் வருகிறவர்களைப் பரிசோதிப்பதுதான் இன்று அந்த நாட்டின் தேவை. எச்ஐவி உள்ளவர்கள், டிபி நோயாளியோடு வீட்டில் வாழ்ந்தவர்கள், முன்பு டிபி வந்து குணமானவர்கள் ஆகிய மூன்று வகையினரையும் அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சோதிப்பது என்ற முறையை அங்கே ஆராய்ந்து பார்த்தார்கள். கிளினிக்குகளில் கண்டுபிடிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஏறத்தாழ 17 சதவீதம் கூடியது. அந்த முறை பின்னர் நாட்டின் கொள்கையாகவும் ஆனது. எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்த மூன்றில் எந்த வகை என்று தெரிந்தவர், மீண்டும் சொல்கிறேன், குடும்ப மருத்துவர்.

தனியார் டாக்டரை நம்பலாமா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், எனவே இதை மழுப்பாமல் பேச வேண்டும். தனியார் டாக்டர்கள் காசநோயைத் தவறவிடுகிறார்கள் என்பது உண்மை. டெல்லியில் நோயாளிகளைப்போல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைத் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். 250 சந்திப்புகளில் 21 சதவீதத்தில் மட்டுமே சரியான நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆய்வு வெளியான ஆண்டு 2015. லீவோஃப்ளாக்ஸசின், மாக்சிஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை நெஞ்சுச் சளிக்கு என்று கொடுக்கும் பழக்கம் இன்னொரு கேடு. அவை டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளிக்கு இரண்டு வாரம் தேறியது போலிருக்கும், சளியில் கிருமி தெரியாமல் போகும், நோய் உள்ளே வேர்விடும். ஸ்டீராய்டு ஊசியும் இதே துரோகத்தைச் செய்யும்.

ஆனால் டெல்லி ஆய்வின் இன்னொரு பக்கத்தை எதிர்த்தரப்பார் சொல்வதில்லை. அதே மருத்துவர்களில் ஒரு பகுதியினரிடம் அதே நோயாளியைப் பற்றிக் கேள்வித்தாளாகக் கேட்டபோது, அவர்கள் நேரில் செய்ததைவிட வெகு சிறப்பாக விடை எழுதினார்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டும், சளி பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் செய்யவில்லை. அப்படியானால் இது அறிவுக் குறைபாடு என்று சொல்லி அவர்களை ஒதுக்குவது நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ வைத்தியம் பார்ப்பதாகும். அவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டும். சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் நோயாளி திரும்பி வருவாரா என்று தெரியாது. ஆய்வக முடிவு டாக்டருக்கு வராது. எச்ஐவி பரிசோதனை என்று வாயெடுத்தால் நோயாளி கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அரசு கிளினிக்குக்கு அனுப்பினால் அதன் பிறகு என்ன ஆனது என்று யாரும் சொல்லப்போவதில்லை. இவை எல்லாம் மாற்றக்கூடிய காரணங்கள்.

மாற்றிக் காட்டியும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் லாரா ஃபேரால் குழுவினர் 40 ஆரம்ப சுகாதார கிளினிக்குகளில் ஓர் ஆய்வு நடத்தி 2005-இல் வெளியிட்டார்கள். பாதிக் கிளினிக்குகளின் நர்ஸ்களுக்கு மட்டும் பயிற்சி. அவர்களை ஊருக்குக் கூப்பிட்டு விடுதியில் தங்கவைத்துப் பாடம் நடத்தவில்லை. பயிற்றுநர்கள் கிளினிக்குக்கே போனார்கள். இருமலோ மூச்சுத் திணறலோ உள்ளவர் வந்தால் அடுத்தடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் ஒரு வழிகாட்டியை வைத்துச் சில அமர்வுகள் பேசினார்கள். பயிற்சி பெற்ற இடங்களில் அத்தகைய நோயாளிகளில் 6.4 சதவீதம் பேருக்கு டிபி கண்டுபிடிக்கப்பட்டது. பயிற்சி இல்லாத இடங்களில் 3.8 சதவீதம். புதிய இயந்திரம் எதுவும் இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் அப்போது பிறக்கவே இல்லை.

நர்ஸ்களால் ஏஆர்டி மருந்தைத் தொடங்க முடியாது, அதற்கு டாக்டர்தான் வேண்டும் என்றும் ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். அதே மாகாணத்தில் நடந்த அடுத்த ஆய்வு 2012-இல் அதையும் பொய்யாக்கியது. நர்ஸ்களின் பொறுப்பில் விட்டும் வைரஸ் கட்டுப்பாடு குறையவில்லை. இன்று அந்நாட்டின் ஏஆர்டி திட்டம் நிற்பதே நர்ஸ்களின் தோளில்தான்.

இந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. 1950-களில் டிபி நோயாளி என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்றும் சத்துணவும் ஓய்வும் வேண்டும், குடிசையில் வைத்து மருந்து கொடுத்தால் குணமாகாது என்பதே உலகின் மருத்துவ ஞானம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அதைச் சோதித்தது. நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் நெருக்கடி மிகுந்த வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. இன்று தென்னாப்பிரிக்காவில் ஒரு நோயாளி தன் வீட்டிலிருந்தபடியே ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடிகிறதென்றால் அதற்கு அடித்தளம் போட்டது சென்னையின் குடிசைவாசிகள். தகுதியில்லை என்று நிபுணர்கள் முடிவுகட்டியவர்கள்தான் இந்த நோயின் வரலாற்றை மாற்றியிருக்கிறார்கள். குடும்ப மருத்துவர் விஷயத்திலும் அதே தவறைச் செய்யாதிருப்போம்.

ஏஆர்டி வந்துவிட்டதே என்பவர்களுக்கு

கடைசியாக ஒரு சமாதானம் சொல்கிறார்கள். கூட்டு மருந்து பரவிவிட்டது, காசநோயும் குறைகிறது, இன்னும் சில ஆண்டுகளில் பிரச்சினை தானாகத் தீரும் என்கிறார்கள். குறைகிறது என்பது உண்மைதான், மகிழ்ச்சிக்குரியதுதான். ஏஆர்டி ஒருவருக்குக் காசநோய் வரும் அபாயத்தை ஏறத்தாழ 65 சதவீதம் குறைக்கிறது. ஆனால் எச்ஐவி இல்லாதவரின் நிலைக்கு அது அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் எதிர்ப்புச் சக்தி மீளும்போது, அதுவரை பதுங்கியிருந்த டிபி திடீரென்று வெளிப்படுவதும் உண்டு. மருந்தை நடுவில் விட்டுவிட்டு, சிடி4 சரிந்தபின் திரும்பி வருகிறவர்களும் ஏராளம்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை குவாசுலு-நட்டால் மாகாணத்தின் டுகேலா ஃபெர்ரி என்ற கிராமப்புற ஊர் உலகத்துக்குச் சொன்னது. முக்கியமான மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத தீவிர எதிர்ப்புத் திறன் கொண்ட காசநோய் அங்கே 53 பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. 52 பேர் இறந்தார்கள். அவர்களில் எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் எச்ஐவி இருந்தது. சளி எடுத்த நாளிலிருந்து அவர்கள் உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை அளவு 16 நாள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதற்குமுன் டிபி மருந்தே சாப்பிடாதவர்கள். அதாவது மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால் அவர்களுக்கு அந்த நோய் உருவாகவில்லை. கண்டுபிடிக்கப்படாமல் நடமாடிய இன்னொருவரிடமிருந்து நேராகத் தொற்றியது. 2006-இல் இந்தச் செய்தி வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. அதிர்ச்சி ஆறிவிட்டது. தாமதமாகக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஆறவில்லை.

செய்ய வேண்டியவை

குடும்ப மருத்துவர்கள் இன்று முழுத் தயாராக இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களைத் தயாராக்குவது சாத்தியம், அவர்களை விட்டால் வேறு வழியும் இல்லை என்கிறேன். அதற்கு ஆக வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை.

டாக்டர் தரப்பில் செய்ய வேண்டியது: வருகிற ஒவ்வொருவரின் எடையையும் ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பது. நான்கு கேள்விகளையும் கேட்பது, ஒரு நிமிடம்கூட ஆகாது. எச்ஐவி பரிசோதனையை ஒருவரைச் சந்தேகப்பட்டுக் கேட்காமல், ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் எல்லோருக்கும் இயல்பாகச் சொல்வது. எல்லோரையும் கேட்கும் இடத்தில் யாருக்கும் அவமானமில்லை. டிபி இல்லை என்று தெரியும்வரை லீவோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகளைத் தொடாமலிருப்பது. ஏஆர்டி சாப்பிடுகிறவருக்கு டிபி மருந்து தொடங்கினால், ரிஃபாம்பிசின் இருக்கும்வரை ஏஆர்டி மருந்தான டோலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளையாகக் கொடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பது. காத்திருப்போர் அறையின் ஜன்னல்களைத் திறந்துவைப்பது.

அரசாங்கத்தின் தரப்பில் செய்ய வேண்டியது இன்னும் அதிகம். தனியார் டாக்டர் அனுப்பும் சளியையும் அரசு ஆய்வகம் தடையில்லாமல், கட்டணமில்லாமல் சோதிக்க வேண்டும், முடிவை அவருடைய கைபேசிக்கே அனுப்ப வேண்டும். கண்டுபிடித்துத் தெரிவிக்கும் டாக்டருக்கு இந்திய அரசு 500 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. பணத்தைவிட, நீங்களும் இந்த வேலையில் ஓர் அங்கம் என்று சொல்வதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீ ஸ்டேட்டில் நர்ஸ்களுக்குச் செய்ததுபோல் பயிற்சியை டாக்டர்களுடைய அறைக்கே கொண்டுபோக வேண்டும்.

மேசைமேல் வைக்கக்கூடிய கருவிகளையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். சிறுநீரில் டிபி கிருமியின் சுவர்ப் பொருளைக் காட்டும் லாம் பட்டை அவற்றில் ஒன்று. விரலளவு நீளமுள்ள காகிதப் பட்டை. இரண்டொரு சொட்டுச் சிறுநீரை அதன் நுனியில் விட்டு 25 நிமிடம் காத்திருந்தால் ஊதா நிறக் கோடு தெரிகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். மின்சாரம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், இருமிச் சளி எடுக்கத் தெம்பில்லாதவருக்கும் செய்யலாம். தென்னாப்பிரிக்கா, தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் நர்ஸ்களே படுக்கையருகில் இதைச் செய்தபோது எட்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 25 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தார்கள். எச்ஐவி முற்றியவர்களிடம்தான் இது நன்றாக வேலை செய்யும், கோடு தெரியாவிட்டால் டிபி இல்லை என்று பொருளில்லை. ஆனால் யாரிடம் வேலை செய்கிறதோ அவர்கள்தான் மிக விரைவில் சாகப்போகிறவர்கள். உலக சுகாதார நிறுவனம் இதை முதலில் பரிந்துரைத்தது 2015-இல், 2019-இல் இன்னும் பலருக்கு விரிவாக்கியது. இத்தனை எளிய ஒரு பட்டை மருத்துவமனை வார்டோடு நின்றுவிடக் கூடாது.

கொள்கை வகுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை காசநோய்க்கு நிதி ஒதுக்கும்போது, எத்தனை இயந்திரம் என்று கேட்பதற்கு முன், எத்தனை குடும்ப மருத்துவர்கள் இந்த மாதம் எத்தனை பேருடைய சளியைக் கேட்டார்கள் என்று கேளுங்கள். குடும்ப மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களால் முடியாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நாளைக் காலை முதல் நோயாளி உள்ளே வந்ததும் அவரை எடை மெஷினில் ஏறச் சொல்லுங்கள், பழைய எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான்கு கேள்விகளையும் கேளுங்கள். காசநோய் குணமாகும் நோய். குணமாக்கும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டதால் ஒருவர் இறந்தால் அந்தச் சாவுக்கு நாம்தான் பொறுப்பு.